நாற்பத்தேழாம் வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம்

எங்கள் பொதுச் சமையற்கூடத்தில் காலை ஆறு மணிக்கு மூக்கம்மா சீட்டு அடித்துத் தருவாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஐந்தாம் வீட்டுக்குச் சோறு பாதி, முருங்கைக்கீரைத் துவட்டல் ஒரு கரண்டி கூட. இருபத்திரண்டாம் வீட்டுக்கு உப்புக் குறைத்து, சாளை மீன் நாலு. இப்படியே போகும். நாற்பத்தேழாம் வீட்டுக்கு வந்தால் மட்டும் நாலு வருடமாக ஒரே வரிதான்: ஒன்றும் வேண்டாம்.

அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மூக்கம்மாவைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும். நாற்பத்தேழாம் வீட்டில் இருப்பவள் என் தங்கை அமலோற்பவம்.

மூக்கம்மா மனுஷி இல்லை. சமையற்கூடத்து மூலையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஒவ்வொரு வீட்டுக் கழிவுக் குழாயிலும் ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு வில்லை பதித்திருக்கிறது. அந்த வீட்டார் உடம்பில் எது குறைகிறது, எது கூடுகிறது என்பதை வில்லை மோந்து பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதற்கேற்ற சாப்பாட்டை எனக்குச் சொல்லும். சாக்கடையை மோந்து பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் சனம் மூக்கம்மா என்று வைத்துவிட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் சிலுவைத்துறையைக் காலி செய்து, பக்கத்துக் கரையூர்ச் சனத்தோடு சேர்த்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து அடுக்குமாடி, சுற்றிலும் உப்புப் பூத்த பொட்டல். முதல் மூன்று வருடம் எங்களை வளர்த்தது பொட்டலம். வாரம் ஒரு தடவை லாரியில் வரும். வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் சோறு மாதிரி ஒன்று ஆகும். நன்றி மறக்கக் கூடாது, அது பசியை ஆற்றியது. ஆனால் மூன்றாம் வருடம் முகாம் போட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரத்தமே இல்லை. மீனைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் சனத்தில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தன. அதுதான் எங்களை உலுக்கியது.

அப்போது கிளம்பியவன் கில்பர்ட். முன்பு தோணி எஞ்சின் பழுதுபார்த்தவன். இந்தப் பொட்டலில் என்னடா விளையும் என்று எல்லோரும் கேலி செய்தபோது, "உமரிக்கீர வெளையும்லா" என்றான். விளைந்தது. உமரி மண்ணிலிருந்த உப்பைக் குடித்தது. நாங்கள் உமரியைத் தின்றோம். அதைப் போட்டால் குழம்புக்கு உப்பே வேண்டாம். மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி நிலத்தைக் கழுவினோம். மீன் கழிவையும் பனையோலையையும் குழி வெட்டிப் புதைத்தோம். இரண்டு வருடத்தில் முருங்கை வேர் பிடித்தது. பிறகு கத்தரி, அவரை, மொட்டைமாடியில் பாகலும் புடலையும். கரிசல் காட்டு ஊர்களோடு பேசி, கருவாடு கொடுத்துக் குதிரைவாலி வாங்கினோம். வீட்டுக்கு ஒருவர் வாரம் நாலு மணி நேரம் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் கட்டுப்பாடு போட்டது. தோட்டத்துக் காய்கறி பையில் போட்டு வீடு வீடாகப் போகும். எந்தப் பையில் எவ்வளவு என்பதை இப்போது மூக்கம்மாதான் தோட்டத்துக்குத் தனிச் சீட்டில் சொல்கிறாள். மதியச் சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் பொதுவாக என் அடுப்பிலிருந்து கேரியரில் போகும்.

மூக்கம்மாவை வைக்கலாமா என்று கூட்டம் போட்ட அன்று பெரிய ரகளை.

"நான் எத்தன கிளாஸ் போட்டேன்னு அது எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிருமோ?" என்று தொம்மை எழுந்து கேட்டான்.

"அது எதுக்குச் சொல்லணும்? நீரு தெருமொனையில வரும்போதே தெரியுமே" என்றாள் அவன் பெண்டாட்டி.

சிரிப்பு அடங்கியதும் கில்பர்ட் பொறுமையாக விளக்கினான். "வீட்டு விவரம் பெட்டிய விட்டு வெளிய வராது. நானும் பாக்க முடியாது, சமைக்கவியளும் பாக்க முடியாது. சீட்டுல சாப்பாடு மட்டுந்தான் வரும். அதுக்கு மேல 'நலம்', 'நலமில்ல'ன்னு ஒத்தச் சொல்லு. ஒரு வீட்டு விவரத்தத் தொறக்கணும்னா, அந்த வீட்டு ஆளு இங்க வந்து, நாலு பேரு முன்னால 'தொற'ன்னு வாயால சொல்லணும்."

அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் ஊர் தலையாட்டியது.

இனி என் தங்கை கதை. ஊரைக் காலி செய்ய லாரி வந்தபோது, அவள் புருஷனுடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. கல்லறையில் பூசை வைத்துவிட்டுத்தான் வருவேன் என்றாள். வீடு எங்கள் அப்பா பெயரில் இருந்ததால் ஒரு கையெழுத்தே போதும். பிந்தினால் புது வீடு கைவிட்டுப் போகும் என்று பயந்து, மூத்தவள் என்கிற உரிமையில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே போட்டுவிட்டேன். பூசை நாளன்று கல்லறைத் தோட்டம் தண்ணீருக்குள் இருந்தது. "ஒங் கையால இனி ஒரு பருக்க திங்க மாட்டேன்" என்று லாரியில் ஏறும்போது அமலி சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் கைதான் ஊருக்கே சமைக்க வந்தது. முதல் மாதம் அவளுக்குப் போன கேரியர் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மூன்றாம் மாதம் சீட்டில் 'ஒன்றும் வேண்டாம்' என்று வர ஆரம்பித்தது. எந்திரமும் அவளைக் கைகழுவிவிட்டது என்று நினைத்தேன். நான் விடவில்லை. சீட்டில் என்ன இருந்தாலும் தினமும் ஒரு கேரியர் மூன்றாம் மாடி ஏறும், திறக்காமல் இறங்கும், கோழிக்குப் போகும். ஊரில் எங்கள் கோழிகளைப் போல வாழ்ந்த கோழிகள் கிடையாது.

போன மாதம் மாவட்டத்திலிருந்து தமயந்தி மேடம் ஆய்வுக்கு வந்தார். வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார். நாலு வருடச் சீட்டையும் வரி விடாமல் படித்தார். கெட்ட மனுஷி இல்லை. நியாயமான மனுஷி, அதுதான் கஷ்டம்.

"கொடுக்கிறதும் குழாய் சொல்றதும் ஒத்துப்போகணும் கில்பர்ட். பதினெட்டு வீட்டுல ஒத்துப்போகல" என்றார்.

"முன்ன பின்ன இருக்கத்தான செய்யும் மேடம்."

"முன்ன பின்ன இல்லை. நாற்பத்தாறுல ஒரே ஒரு அம்மா. அவங்களுக்கு ரெண்டு ஆள் சாப்பாடு போகுது. பக்கத்துல நாற்பத்தேழு. அங்கேயும் ஒருத்தர்தான். அவங்களுக்குச் சமைச்ச சாப்பாடு நாலு வருஷமா பூஜ்யம். ஆனா தோட்டத்துக் காய்ப்பை மட்டும் ரெண்டு ஆளுக்குப் போகுது. ரெண்டு வீட்டுலயும் 'நலம்'னு வருது. எப்படி?"

கில்பர்ட் சீட்டுகளை வாங்கிப் புரட்டினான்.

"பெட்டிக்குக் கோளாறுன்னுதான் நான் நினைக்கணும். கோளாறான பெட்டி சொல்றதை நம்பி எழுநூறு பேருக்குச் சாப்பாடு போட எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? ஒரு சர்க்கரைக்காரருக்குத் தப்பாப் போயிட்டா? ஒரே ஒரு வீட்டு விவரத்தைத் திறந்து, ஏன் இப்படின்னு காட்டுங்க. நாற்பத்தேழு போதும். திங்கட்கிழமை வர்றேன். இல்லன்னா ஒண்ணாம் தேதியிலிருந்து கூடத்தை மூடிட்டு மறுபடி பொட்டலம்தான்."

கில்பர்ட் என்னைப் பார்த்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

மறுநாள் சாப்பாடு அனுப்பி முடித்ததும் மூன்றாம் மாடி ஏறினேன். நாற்பத்தேழின் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. நாற்பத்தாறைத் தட்டினேன். அங்கே இருப்பவர் பாத்திமா லாத்தா. காயல்பட்டினத்துப் பக்கம், அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் நடக்கக் கீழே இறங்கும்போது என் வீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்.

"வா சலேத்து, உள்ளுக்கு வா" என்றவர் திரும்பிப் போய் விட்ட வேலையைத் தொடர்ந்தார். நான் அனுப்பிய கேரியரிலிருந்து பாதிச் சோறு, பாதித் துவட்டல், இரண்டு சாளை மீன் எல்லாவற்றையும் ஒரு தூக்குச்சட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு லாத்தா?"

"பக்கத்து வீட்டுக்கு. தெனமுந்தான். எனக்கு ஒத்த வயிறு. நீ அனுப்புறத ஆனைக்கில்ல போடணும்."

"அவ திங்காளா?"

"ஏன் திங்காம? நான் குடுத்தா எங் கையால குடுத்தது. சண்ட ஒங் கையோடதான அவளுக்கு?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடமாக நான் வைத்த கீரையும் மீனும் அவள் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பாத்திமா லாத்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா லாத்தா."

"இதையெல்லாம் யாராவது சொல்லுவாவளா? இங்க எந்த வீட்டுல சட்டி கை மாறாம இருக்கு?"

உண்மைதான். பதினெட்டு வீட்டுக் குழப்பமும் எனக்கு அப்போது விளங்கிவிட்டது. எங்களில் ஒரு வீட்டுச் சாப்பாடு அந்த வீட்டோடு நின்றதே இல்லை. மீன் வந்தால் நாலு துண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். போன சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்க எங்களுக்குக் கை வராது. ஒரு பிடி சுண்டலாவது போட்டுத்தான் கொடுப்போம். பெட்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாரும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்வதில்லையே.

"அப்ப சட்டியத் திருப்பித் தரும்போது அவ என்ன போட்டுத் தருவா?"

பாத்திமா லாத்தா சிரித்தார். "தோட்டத்துப் பையில வாரத வச்சு அவியல், தொக்கு, புட்டுன்னு என்னமாவது செஞ்சு தருவா. எனக்குப் பிரஷரு, அம்புட்டும் தின்ன முடியுமா? அதத்தான ஒனக்குச் சாயங்காலம் கொண்டுவாறேன்."

அடுப்பில் நிற்கிறவளுக்குத் தன் சமையல் இறங்காது. ருசி பார்த்தே பசி செத்துவிடும். பகல் முழுக்கக் கடுங்காப்பிதான். சாயங்காலம் லாத்தா கொண்டுவரும் கிண்ணம்தான் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு. "லாத்தா, காயல்பட்டினத்துக் கைப்பக்குவமே தனி" என்று நாலு வருடமாக வாயாரப் புகழ்ந்திருக்கிறேன், இந்த மனுஷியும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். ஆனால் அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. புளி விடுகிற இடத்தில் மாங்காய் வற்றல் போடுவது எங்கள் அம்மா பழக்கம். என் நாக்கு முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டது. நான்தான் கேட்கவில்லை. கேட்டால் கிண்ணம் நின்றுவிடுமோ என்று பயம்.

"எனக்குத்தான் வருதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல" என்றார் லாத்தா.

எழுந்து போய் நாற்பத்தேழைத் தட்டினேன். அமலி கதவைத் திறந்தாள். ஒன்பது வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்ததில்லை. முகத்தில் நல்ல இரத்தம் ஓடியது. அதைப் பார்த்ததே எனக்குப் பாதிப் பலம்.

"பேச வேண்டாம். கேட்டாப் போதும்" என்றேன். மேடம் சொன்னதைச் சொன்னேன். "நீ வந்து 'தொற'ன்னு சொன்னா ஒன் ஒடம்பு நெலவரம் ஊரு முன்னால தெரியும். சொல்லலன்னா கூடத்த மூடிருவாவ, பிள்ளைய மறுபடி பொட்டலத்தத் திங்கும். ரெண்டுல எது செஞ்சாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒனக்காக நான் ஒரு தடவ கையெழுத்துப் போட்டது போதும். அது தப்பு அமலி. பதினோரு நாளு பொறுத்திருக்கணும். இத அன்னைக்கே சொல்லிருக்கணும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. மேடம் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தரை ஆயிற்று. நான் வாசலைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அழுதால் ஒரு சாக்கு இருக்கட்டும் என்று. அமலி வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் நேரே பெட்டியிடம் போனாள்.

"தொற" என்றாள்.

திரையில் வந்ததை மேடம் சத்தமாகப் படித்தார்.

"முதல் மாதம். நாற்பத்தேழு: இரத்தம் மிகவும் குறைவு. அனுப்பும் சாப்பாடு உடலில் சேரவில்லை. இரண்டாம் மாதம். அண்டை வீட்டுக்கு அனுப்பிய முருங்கை நாற்பத்தேழில் தெரிகிறது. வழி இருக்கிறது. மூன்றாம் மாதம் முதல், வேண்டியதெல்லாம் அந்த வழியில். நேராக ஒன்றும் வேண்டாம்."

நாலு வருடமாக நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. தங்கையைக் காப்பாற்றிக் கொடுத்தது அதுதான்.

"அடுத்த வரி மறைஞ்சிருக்கு. நாற்பத்தாறும் பன்னிரண்டும் திறக்கச் சொல்லணுமாம்" என்றார் மேடம்.

"நம்மளதையும் தொறங்க. பிரஷரு இருக்கது ஊருக்கே தெரியுமே" என்றார் பாத்திமா லாத்தா.

பன்னிரண்டு என் வீடு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தொற" என்றேன்.

"பன்னிரண்டு: சமைப்பவர் சாப்பிடுவதில்லை. நாற்பத்தேழில் சமைப்பது பன்னிரண்டில் தெரிகிறது. பன்னிரண்டுக்கு வேண்டியதை நாற்பத்தேழின் காய்ப்பையில் சேர்க்கவும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இது கோளாறு இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே உங்க பழக்கத்தை இது கத்துக்கிட்டிருக்கு. மத்த வீடும் இப்படித்தான் இருக்கும்."

"அப்ப கூடம்?" என்று கில்பர்ட் கேட்டான்.

"நடக்கட்டும். நான் எழுதிடறேன்."

தொம்மை முதலில் கைதட்டினான். பிறகு கூடமே தட்டியது. தோட்டத்துக்கும், மழைக்கும், மூக்கம்மாவுக்கும், சட்டியைக் கை மாற்றிய ஒவ்வொரு வீட்டுக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன். இத்தனை பேர் சேர்ந்து ஊட்டித்தான் நான் நிற்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சத்தம் அடங்கியதும் மேடம் அமலி பக்கம் திரும்பினார். "அம்மா, எனக்கு ஒரே ஒரு உறுத்தல். நல்லதுக்குத்தான்னாலும் உங்களுக்குத் தெரியாம, உங்க கையால உங்க அக்காவுக்கு ஊட்ட வச்சிருக்கு இந்தப் பெட்டி. ஏமாத்தின மாதிரி இல்லையா? உங்களுக்குக் கோபம் வரலையா?"

"எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா?" என்றாள் அமலி.

"நான் சொல்லலயே" என்றார் பாத்திமா லாத்தா.

"லாத்தாவுக்கு எறாலுன்னா உசுரு. நாலு வருசமாக் கேக்காவ, ஒரு நாளாவது எறால் போட்டுச் செஞ்சு தாயேன்னு. நான் ஒரு நாளும் போடல."

"ஏன்?"

அமலி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "இவளுக்கு எறால் ஆவாது. தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டும்."

மேடம் மூக்கம்மாவைப் பார்த்தார். நான் தின்னாத ஒன்றை எந்தக் குழாய் மோந்து பார்த்துச் சொல்லும்? நாலு வருடச் சீட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.

"இதையும் பெட்டியில பதிஞ்சு வச்சுக்கலாமா? உபயோகமா இருக்கும்" என்று மேடம் கேட்டார்.

"வேண்டாம்மா. அதுக்கு எல்லாமே தெரியணும்னு இல்ல. இது எங்க ரெண்டு பேருக்குள்ள கெடக்கட்டும்" என்றாள் என் தங்கை.